டார்ச் வெளிச்சத்தில் அப்பாவின் கண்

சிஸ்டரிடம் கேளுங்கள் – வாசகர் கேள்வி பதில்

வீட்டில் ஒருவர் பேச்சு மூச்சின்றி விழுந்தால் நெஞ்சை எப்படி அழுத்துவது என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பல கண்ணைப் பற்றியே கேட்டன. ஆம்புலன்ஸ்காரர்கள் ஏன் இமையைத் தூக்கி டார்ச் அடிக்கிறார்கள், டாக்டர் "கண் அசையவில்லை" என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 34 வருடம் ஐசியூவில் நின்றவள் நான். அந்தச் சின்ன டார்ச் எப்போதும் என் சட்டைப் பையில் இருந்தது. அதனால் இந்த மாதம் முழுப் பக்கத்தையும் கண்ணுக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன், லோட் ஷெடிங் (மின்வெட்டு) நேரத்தில், அப்பா சாப்பாட்டு மேசையிலிருந்து சரிந்து விழுந்தார். வேலையிடத்தில் முதலுதவிப் பயிற்சி எடுத்திருந்த தம்பி உடனே அவரைத் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தத் தொடங்கினான். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆனது. பாராமெடிக் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கூட வந்தவரிடம் "இன்னும் அசைகிறது" என்று இங்கிலீஷில் சொன்னதை என் காதால் கேட்டேன். அதற்குப் பிறகு வெகுநேரம் முயன்றும் கடைசியில் நிறுத்திவிட்டார்கள். அசைந்த கண்ணை ஏன் கைவிட்டார்கள், சிஸ்டர்? அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.
– ஒரு மகள், ஃபீனிக்ஸ்

பதில்: உங்கள் கடிதத்தை நாலைந்து தரம் படித்தேன், மகளே. மூன்று வருடமாக இந்த ஒரு வார்த்தையைத் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள்.

கண்ணின் நடுவே இருக்கும் கறுப்பு வட்டத்துக்குப் பாவை என்று பெயர். ஒருவர் கண்ணை நெருங்கிப் பார்த்தால் நம் உருவம் குட்டிப் பொம்மையாக அதில் தெரியும், அதனால் வந்த பெயர். வெளிச்சம் பட்டதும் பாவை சுருங்க வேண்டும். இதில் கண்ணை விட மூளைக்குத்தான் வேலை அதிகம். வெளிச்சத்தின் செய்தி பார்வை நரம்பு வழியாக மூளைத்தண்டின் மேல்பகுதிக்குப் போகிறது. அங்கிருந்து இன்னொரு நரம்பு வழியாகத் திரும்பி வந்து, பாவையைச் சுற்றியிருக்கும் வளையத் தசையைச் சுருக்குகிறது. போய்த் திரும்பும் இந்தப் பாதை முழுவதற்கும் ரத்தம் வேண்டும். இதயம் நின்றால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே பாவை விரியத் தொடங்கும். அப்புறம் டார்ச் அடித்தாலும் அசையாது.

உங்கள் அப்பாவின் இதயம் நின்று இருபது நிமிடம் கழித்தும் பாவை அசைந்தது என்றால், அவ்வளவு நேரமும் அவர் மூளைத்தண்டுக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அதை அனுப்பியது உங்கள் தம்பியின் இரண்டு கை. எவ்வளவு நன்றாக அழுத்தினாலும் ஆரோக்கியமான இதயம் அனுப்பும் ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போனாலே பெரிது. அதைக்கொண்டு, இருட்டில், தனியாளாக இருபது நிமிடம் அவன் அப்பாவின் மூளையைக் காத்திருக்கிறான். ஐசியூவில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுவோம், ஏனென்றால் அதற்குள் கை தளர்ந்துவிடும். உங்கள் தம்பி என்ன பாடுபட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும்.

பிறகு ஏன் நிறுத்தினார்கள்? பாவை மூளைத்தண்டின் செய்தியைச் சொல்கிறது. இதயம் மறுபடி துடிக்குமா என்பதை அது சொல்லாது. இதயத்தின் மின்னோட்டம் ஈசிஜியில் எப்படி இருந்தது, ஷாக் கொடுக்கக்கூடிய துடிப்பா வெறும் கோடா, சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது உண்டா என்று பாராமெடிக் பார்த்துக்கொண்டே இருப்பார். மூச்சுக்குழலில் குழாய் போட்டிருந்தால், வெளியே வரும் மூச்சில் எவ்வளவு கரியமில வாயு இருக்கிறது என்றும் பார்ப்பார். 20 நிமிடம் சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் உயிர்மீட்பு, செய்த பிறகும் அதன் அழுத்தம் 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழேயே நின்றால் இதயம் திரும்புவது மிகவும் அரிது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். முதலில் அசைந்த பாவை நேரம் போகப்போக மெல்ல ஓய்ந்துபோவதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கடைசியாக டார்ச் அடித்தபோது என்ன கண்டார்கள் என்பது அவர்கள் எழுதிய தாளில் இருக்கும். நெருங்கிய உறவினர் என்ற முறையில் எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள். தம்பியிடம் அதற்கும் முன்னால் சொல்லுங்கள். அந்த வார்த்தையை நீங்கள் கைவிடப்பட்ட கதையாகக் கேட்டிருக்கிறீர்கள். என் காதில் அது அவன் கையைப் பற்றிய சான்றாக விழுகிறது.

கேள்வி: யாராவது விழுந்தால் நாங்களும் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டுமா? செல்போனிலேயே டார்ச் இருக்கிறதே.
– திருமதி நாயுடு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: வேண்டாம். கூப்பிட்டு, தோளைத் தட்டிப் பாருங்கள். பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் போதும், கண்ணில் தேட ஒன்றும் இல்லை. மீன் போல வாயைத் திறந்து திறந்து மூடுவது மூச்சு ஆகாது, அதைக் கண்டு ஏமாறாதீர்கள். பக்கத்தில் இருப்பவரை 10177-க்கு அடிக்கச் சொல்லுங்கள், செல்போன் என்றால் 112. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நெஞ்சின் நடுவில் கையை வையுங்கள். 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, அதாவது விநாடிக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விடுங்கள். போன் டார்ச் வேறொருவர் கையில் இருக்கட்டும். லோட் ஷெடிங்காக இருந்தால் வாசலில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட உதவும்.

கேள்வி: நான் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அவசர மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சிபிஆர் நடக்கும்போதே பாவையை மெஷினில் அளந்து, யார் பிழைப்பார் என்று சொல்லிவிடலாம் என்று கூடப் படிப்பவர்கள் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா? டார்ச் போதாதா?
– ஒரு மாணவன், டொங்காட்

பதில்: தம்பி, நல்ல கேள்வி. கொஞ்சம் பழைய கதையிலிருந்து வருகிறேன்.

நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்தே அழுத்தி இதயத்தை மீட்கலாம் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் 1960-ல் எழுதினார்கள். நம் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்து சரியாக நூறு வருடம் கழித்து. நான் 1979-ல் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, அழுத்துகிறவரின் கை சரியாக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளப் பாவையைப் பார் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். விரிந்த பாவை சுருங்கினால் ரத்தம் மூளைக்குப் போகிறது. பிற்காலப் பாடங்களில் அந்த வழக்கம் பின்னுக்குப் போனது. பாவை தவறு சொல்வதாலா? பார்க்கிற கண் தவறு செய்கிறது என்பதுதான் பெரிய குறை என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் யூனிட்டில் நடந்தது சொல்கிறேன். ஒரே நோயாளி, ஒரே கண், அரைமணி இடைவெளி. இரவு ஷிஃப்ட் சிஸ்டர் "5 மில்லிமீட்டர், சுறுசுறுப்பு" என்று எழுதியிருந்தார். காலை வந்தவர் "3 மில்லிமீட்டர், மந்தம்" என்று எழுதினார். நோயாளியிடம் எந்த மாற்றமும் இல்லை. ஜன்னல் திரை விலகியிருந்தது, டார்ச் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். நம் ஆட்களின் கண்ணுக்கு இன்னொரு சிரமமும் உண்டு. பாவையைச் சுற்றியிருக்கும் வளையம் நமக்குக் கரும்பழுப்பு. கறுப்புக்குள் கறுப்பு. மங்கலான அறையில் பாவை எங்கே முடிகிறது, வளையம் எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடாது. நீலக் கண்ணில் அரை மில்லிமீட்டர் சுருக்கமும் பளிச்சென்று தெரியும், நம் கண்ணில் அது தெரியாமலே போய்விடும். "அசைவில்லை" என்று எழுதப்பட்ட கண்களில் எத்தனை உண்மையில் அசைந்தனவோ என்று நான் இப்போதும் நினைப்பதுண்டு.

நீ சொல்லும் மெஷின் இந்த இடத்தில்தான் உதவுகிறது. பியூபிலோமீட்டர், கையடக்கமான கருவி. அகச்சிவப்புக் கேமராவில் பார்ப்பதால் கறுப்பு, நீலம் என்ற வித்தியாசம் அதற்கு இல்லை. அளவான ஒரு வெளிச்சத்தை அடித்து, பாவை எவ்வளவு இருந்தது, எவ்வளவு சுருங்கியது, எத்தனை வேகத்தில், எவ்வளவு தாமதித்து என்று சில விநாடியில் சொல்லிவிடும். சில கருவிகள் எல்லாவற்றையும் சேர்த்து 0 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் தரும். 3-ம் அதற்கு மேலும் இயல்பு, கீழே போனால் மந்தம், 0 என்றால் அசைவே இல்லை.

சிபிஆர் நடக்கும்போதே இதை வைத்துப் பார்த்தவர்கள் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்கள். 2012-ல் வெளியிட்டார்கள். மருத்துவமனைக்குள் இதயம் நின்ற 30 பேர். அவர்களில் 25 பேரிடம் உயிர்மீட்பின் ஏதோ ஒரு கட்டத்தில் அளக்கக்கூடிய அசைவு இருந்தது. முதலிலிருந்து கடைசிவரை அசைவு இருந்தவர்களும், அது 5 நிமிடத்துக்குக் குறைவாகவே காணாமல் போயிருந்தவர்களும் பிழைத்து, நல்ல நினைவோடு மீளும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. 5 நிமிடத்துக்கு மேல் அசைவே இல்லாதவர்களுக்கு முடிவு மோசமாக இருந்தது.

அட்ரினலின் கொடுத்தால் பாவை விரிந்துதானே கிடக்கும், அளந்து என்ன பயன் என்று கேட்பாய். நானும் கேட்டேன். அட்ரினலின் விரிக்கும் தசையை இழுக்கிறது, சரி. ஆனால் சுருக்கும் தசையைப் பூட்டுவதில்லை. பாவை பெரிதாக இருக்கலாம், ஆனாலும் வெளிச்சத்துக்கு ஒரு சிறு நெளிவு காட்டும். டார்ச்சுக்கு அது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஊசியில் வழக்கமான அளவு ஏற்றும் அட்ரோபினும் அப்படித்தான், மந்தமாக்கும், முழுதாக அழிக்காது. கண்ணிலேயே விழும் மருந்துதான் ஏமாற்றும். ஆஸ்துமா நோயாளிக்கு நெபுலைசர் மாஸ்க் சரியாகப் பொருந்தாமல் மருந்துப் புகை ஒரு கண்ணில் கசிந்து, அந்தப் பாவை மட்டும் பானை போல விரிந்து, மூளையில் ரத்தக்கசிவோ என்று நாங்கள் ஓடிய ராத்திரிகள் உண்டு.

சரி, உன் நண்பர்கள் சொல்வது உண்மையா? பாதி. முப்பது பேர் என்பது சின்ன எண்ணிக்கை. அதுவும் மருத்துவமனைக்குள், விழுந்தவுடனே டீம் ஓடிவந்தவர்கள். டொங்காட் சாலையோரத்தில் கரும்பு லாரிக்குப் பின்னால் நீ மண்டியிடும்போது கதை வேறு. என் கணக்கு இதுதான்: உயிர்மீட்பின்போது பாவை அசைந்தால் நம்பு, இன்னும் கொஞ்சம் நேரம் போராட அது நியாயமான காரணம். அசையவில்லை என்றால் குறித்து வைத்துக்கொள், ஆனால் அதை மட்டும் வைத்துக் கையை எடுக்காதே. முதல் நிமிடங்களில் எல்லோருடைய பாவையும் விரியத்தான் செய்யும். நீரில் மூழ்கிக் குளிர்ந்துபோனவர்கள் விரிந்து நின்ற பாவையோடு வந்து, பிறகு எழுந்து நடந்துபோனதும் உண்டு.

இன்னொன்று, இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். அளப்பதற்காக அழுத்தத்தை நிறுத்தாதே. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை துடிப்பு பார்க்க நிறுத்துவீர்களே, அந்த இடைவெளியில் அளந்துகொள். அது 10 விநாடியைத் தாண்டக்கூடாது. மூன்று விநாடி தகவலுக்காகப் பதினைந்து விநாடி ரத்தத்தை இழப்பது நோயாளிக்கு நட்டம்.

கேள்வி: அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை இதயம் நின்று, ஷாக் கொடுத்துத் திரும்ப வந்தது. இரண்டு நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறார். "கண் சரியாக அசையவில்லை" என்கிறார் டாக்டர். மாமா, "இனி வைத்திருப்பது பாவம், மெஷினை எடுக்கச் சொல்லலாம்" என்கிறார். சின்னம்மா, "யாரும் மெஷின் பக்கம் போகக்கூடாது" என்று அழுகிறார். இருவருக்கும் நடுவில் நான். இந்தக் கடிதம் அச்சில் வரும்போது எல்லாம் முடிந்திருக்கலாம். ஆனாலும் எழுதுகிறேன்.
– மூத்த மகன், லெனேசியா

பதில்: உங்கள் கடிதம் வந்த அன்றே தொலைபேசியில் பேசினேன். அப்போது சொன்னதை மற்ற குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில், நாள் கணக்கு. இதயம் திரும்பிய பிறகு மயக்கத்தில் இருப்பவருக்கு மூன்று நாள், அதாவது 72 மணி நேரமாவது ஆகாமல் பாவையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதே ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டிகள் இரண்டும் சொல்வது. அதற்கு முன் மயக்க மருந்து, உடல் குளிர்ச்சி, குறைந்த ரத்த அழுத்தம் எல்லாம் கணக்கைக் கலைக்கும். மூன்றாம் நாளிலும் பாவை மட்டும் போதாது. ஐரோப்பிய வழிகாட்டி 2021-ல் சொன்னது: பாவையின் அசைவும், கருவிழியைத் தொட்டால் இமை மூடும் அனிச்சையும் இல்லாமை, மூளைக்கு உணர்வு போகிறதா என்று பார்க்கும் நரம்புச் சோதனை, மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் ஈஈஜி, மூளைச் செல்கள் சேதமானால் ரத்தத்தில் கூடும் என்எஸ்ஈ என்ற பொருளின் அளவு, மூளை ஸ்கேன், விடாத உடல் வெட்டிழுப்பு ஆகியவற்றில் குறைந்தது இரண்டாவது ஒரே திசையைக் காட்ட வேண்டும். அப்போதுதான் "மீள்வது மிகவும் அரிது" என்று சொல்லலாம்.

இந்த நாள்களில் கருவியால் அளப்பதற்கு மதிப்பு உண்டு. 2018-ல் வெளியான ஆய்வு ஒன்றில் ஐரோப்பாவின் 10 ஐசியூக்களில் 456 நோயாளிகளைப் பார்த்தார்கள். முதல் மூன்று நாளில் மதிப்பெண் 2-ம் அதற்குக் கீழும் போனவர்களில் ஒருவரும் நன்றாக மீளவில்லை. கருவி சொன்ன கெட்ட செய்தி பொய்க்கவில்லை. டார்ச் சொன்ன கெட்ட செய்தி சில சமயம் பொய்த்தது. ஆனால் மோசமாக முடிந்தவர்களில் மூன்றில் ஒருவரைத்தான் அந்த மதிப்பெண் முன்கூட்டியே காட்டியது. பாவை நன்றாக அசைவதால் அம்மா கட்டாயம் எழுந்துவிடுவார் என்றும் சொல்ல முடியாது.

மேலே அந்த மாணவனுக்கு எழுதியதை ஒருமுறை திரும்பப் பாருங்கள். சிபிஆர் நேரத்தில் நல்ல செய்தி நம்பத்தக்கது, கெட்ட செய்தி இன்னும் பழுக்காதது. மூன்று நாள் கழிந்தால் நேர்மாறு: முறையாக அளந்த கெட்ட செய்திக்குக் கனம் கூடுகிறது, நல்ல செய்தி பாதி வாக்குறுதிதான். அதே பாவை, அதே வெளிச்சம், நேரம் மட்டும் மாறிவிட்டது. மாமா இரண்டாம் நாளிலேயே மூன்றாம் நாளுக்குப் பிந்தைய பதிலைக் கேட்கிறார் என்று உங்களிடம் சொன்னது இதனால்தான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு, நான் கண்ணால் கண்டது. பாவை அசையவில்லை, இவர் பிழைக்கமாட்டார் என்று சீக்கிரமே மெஷினை எடுத்துவிட்டால், அவர் இறந்துபோவார். உடனே நாம், "பார்த்தாயா, பாவை சரியாகத்தான் சொன்னது" என்போம். அந்தக் கணிப்பு தன்னைத் தானே நிறைவேற்றிக்கொண்டது என்பது யாருக்கும் தெரியாது. அவருக்கு இன்னும் மூன்று நாள் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க வழியே இல்லை. நான் வேலை செய்த ஓர் இடத்தில் படுக்கைக்கு ஆள் காத்திருந்த காரணத்தால் இப்படி அவசரம் காட்டியதை எதிர்த்துப் பேசி, எனக்குக் கெட்ட பெயரும் வந்தது. அதற்காக இன்றும் வருந்தவில்லை.

டாக்டரிடம் கேட்க நான் கொடுத்த கேள்விகள்: மயக்க மருந்து கடைசியாக எப்போது நிறுத்தினீர்கள்? பாவையை டார்ச்சில் பார்த்தீர்களா, கருவியிலா? மூன்றாம் நாளுக்குப் பிறகு வேறு என்ன சோதனை செய்யப்போகிறீர்கள்? இவற்றைக் கேட்டால் நல்ல டாக்டர் கோபப்படமாட்டார்.

சின்னம்மாவுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பாவை அசையாததும் மூளைச்சாவும் ஒன்றல்ல. நம் நாட்டில் 2003-ஆம் வருடத்து தேசிய சுகாதாரச் சட்டம் மரணம் என்றால் மூளைச்சாவு என்கிறது. அதை உறுதிசெய்ய மூளைத்தண்டின் எல்லா அனிச்சைகளும் நின்றிருக்க வேண்டும், மெஷின் உதவியின்றி ஒரு மூச்சும் வரக்கூடாது. அந்தச் சோதனைகளைச் செய்யாமல் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லிவிட முடியாது. அவர் பயப்படும் விஷயம் நேற்றோ இன்றோ நடக்கவில்லை என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லுங்கள்.

(வாசகர்களுக்கு: நான்காம் நாள் அந்த அம்மா கூப்பிட்ட குரலுக்குக் கண் திறந்தார் என்று மகன் செய்தி அனுப்பினார். இன்னும் வார்டில்தான் இருக்கிறார். பேச்சு தெளியவில்லை.)

கேள்வி: பாம்பு கடித்துக் கண் விரிந்து அசையாமல் கிடந்தால் செத்துவிட்டார் என்றுதானே பொருள்? எங்கள் பக்கம் மாம்பா நடமாட்டம் அதிகம்.
– திரு. கவுண்டர், வெருலம்

பதில்: இல்லவே இல்லை! இதைக் கேட்டதற்கு நன்றி. மாம்பா, நாகம் போன்றவற்றின் விஷம் நரம்புக்கும் தசைக்கும் நடுவில் உள்ள இணைப்பைப் பூட்டுகிறது. இமை தொங்கும், கண் அசையாது, பாவையும் விரிந்து நிற்கலாம், மூச்சுத் தசையும் நின்றுபோகும். வெளியிலிருந்து பார்த்தால் மூளைச்சாவு போலவே இருக்கும். ஆனால் உள்ளே ஆள் முழு நினைவோடு நாம் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம். மூச்சைக் காப்பாற்றினால், விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் கிடைத்தால், அவர் மீளுவார். ஆகவே அவர் தலைமாட்டில் நின்று "போய்விட்டார்" என்று சொல்லாதீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள். பாம்பைத் தேடிப் பின்னால் போகாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை உண்டு. இரண்டு கண்ணிலும் கேட்டராக்ட் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்தும் போடுகிறார். நாளை ஏதாவது ஆகி ஆஸ்பத்திரிக்குப் போனால் அவர் கண்ணைப் பார்த்துத் தவறாக முடிவு கட்டிவிடுவார்களா?
– ஒரு மகள், சாட்ஸ்வர்த்

பதில்: கட்டலாம். நானே கட்டியிருக்கிறேன்.

1988 என்று ஞாபகம். வார்டில் ஒரு தாத்தாவுக்கு இதயம் நின்றது. டீம் வந்து அழுத்திக்கொண்டிருந்தது. டார்ச் என் கையில். வலது கண்ணைப் பார்த்தேன், பாவை ஒரு பக்கம் கோணலாக விரிந்து, அசையாமல் நின்றது. "அசைவில்லை" என்று சொன்னேன். இடது கண்ணைப் பார்க்கக் குனிவதற்குள் பெரிய டாக்டர் நேரத்தைப் பார்த்து நிறுத்தச் சொல்லிவிட்டார். பதினாறு நிமிடம் ஆகியிருந்தது, இதயமும் வெறும் கோடாகத்தான் இருந்தது. அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. மறுநாள் சாமான்களை எடுக்க வந்த மகள் சொன்னார், "அப்பாவுக்கு வலது கண்ணில் அந்தக் காலத்து ஆபரேஷன், அதிலிருந்து பாவை அப்படியேதான் சிஸ்டர் இருக்கும்." ஒரு கண்ணைத்தான் பார்த்தேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை இரண்டு கண்ணையும் பார்க்காமல் நான் வாய் திறந்ததில்லை. என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளையும் விட்டதில்லை.

உங்கள் அம்மாவின் கண்ணுக்கு மூன்று காரணம் சேர்ந்திருக்கிறது. கேட்டராக்ட் ஆபரேஷனில் சில சமயம் பாவையின் விளிம்பு கோணலாகிவிடும், சுருங்குவதும் குறையும். நாள்பட்ட சர்க்கரை பாவையின் நரம்பையே தளர்த்துகிறது. அவர்களுடைய பாவை சிறியதாக, மந்தமாக இருக்கும், இருட்டிலும் சரியாக விரியாது. நம் சமூகத்தில் சர்க்கரை இல்லாத வீடு எங்கே இருக்கிறது? மூன்றாவது சொட்டு மருந்து. பைலோகார்ப்பின் போன்றவை பாவையை ஊசிமுனை அளவுக்குச் சுருக்கிவிடும். அந்தக் கண்ணில் எவ்வளவு வெளிச்சம் அடித்தாலும் மேலே சுருங்க இடம் இல்லை. மார்ஃபின் வகை வலி மருந்தும் இதையே செய்யும். கருவி வைத்து அளந்தாலும் இவற்றில் சில அதையும் ஏமாற்றும். கருவி அளவைச் சொல்லும், காரணத்தை வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

அம்மாவின் கண்ணை நல்ல நாளில் நீங்களே ஒருமுறை பார்த்து வையுங்கள். ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, இரண்டு பாவையும் ஒரே அளவா, வட்டமா, எது கோணல் என்று பாருங்கள். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பிறகு ஒரு தாளில் பெரிய எழுத்தில் இங்கிலீஷில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்: எந்தக் கண்ணில், எந்த வருடம் ஆபரேஷன், எந்தச் சொட்டு, ஒரு நாளைக்கு எத்தனை முறை, சர்க்கரைக்கு என்ன மாத்திரை. ஆம்புலன்ஸ்காரர்கள் ஃப்ரிட்ஜைப் பார்ப்பார்கள். பார்க்காவிட்டால் நீங்கள் கிழித்துக் கையில் கொடுங்கள்.

என் வீட்டு ஃப்ரிட்ஜிலும் ஒன்று இருக்கிறது. வலது கண், கேட்டராக்ட், 2019. பாவை கொஞ்சம் கோணல். இடது கண் இயல்பு. இரண்டையும் பார்க்கவும்.